கீரை கழுவும் நீரில் மஞ்சள் கலந்தால் போதுமா?

உணவு நுண்ணுயிரியல் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர், பச்சை உணவுகளைத் தாவரச் சாறுகளால் தூய்மை செய்வது பற்றி மற்றவர்கள் கேட்டவற்றுக்கு அளித்த பதில்கள்.

கீரையையும் காய்களையும் மஞ்சளும் உப்பும் கலந்த நீரில் ஊறவைப்பது எங்கள் வீட்டு வழக்கம். அதனால் கிருமிகள் சாகுமா, அம்மா?

உப்பு நீரில் மண்ணும் சிறு பூச்சிகளும் உதிர்ந்துவிடும். அந்த அளவில் வழக்கம் நல்லதே. ஆனால் மஞ்சளில் கிருமியை எதிர்க்கும் பொருளான குர்குமின் நீரில் ஏறக்குறைய கரைவதில்லை. பாத்திரத்தின் அடியில் படிந்து கிடக்கும் தூள், இலையின் மடிப்பில் ஒட்டியிருக்கும் கிருமியை என்ன செய்துவிட முடியும்?

அப்படியானால் எந்தத் தாவரத்துக்குத்தான் அந்தத் திறன் உண்டு?

கிராம்பில் யூஜினால், ஓமத்தில் தைமால், கற்பூரவல்லியில் கார்வக்ரால், பட்டையில் சின்னமால்டிஹைடு ஆகிய எண்ணெய்ப் பொருள்கள் உள்ளன. யூஜினாலும் தைமாலும் கார்வக்ராலும் பாக்டீரியாவின் செல் சவ்வைச் சிதைத்து, உள்ளிருப்பவற்றை வெளியே கசியச் செய்கின்றன. ஆய்வகக் குடுவையில் சிறிதளவே போதுமானதாக இருக்கும் இச்சாறு, உணவுக்கு வரும்போது அதிலுள்ள கொழுப்போடும் புரதத்தோடும் ஒட்டிக்கொண்டு வலுவிழப்பதால், அதே பலனுக்குப் பல மடங்கு தேவைப்படுகிறது. அதற்குள் தக்காளி ஓமத் திரவம்போல் மணக்கத் தொடங்கிவிடும். மேலும் ஈ. கோலை, சால்மோனெல்லா போன்ற குடல்நோய் பாக்டீரியாக்களுக்குக் கூடுதலாக ஒரு வெளிச்சவ்வும் இருப்பதால், அவை எளிதில் மடிவதில்லை. இந்த எண்ணெய்கள் நீரோடு எளிதில் கலக்காதவை என்பதையும் மறந்துவிடக் கூடாது. வீட்டில் இரண்டு சொட்டு விட்டுக் கலக்குவது பயன் தராது. நுண்துளிகளாக உடைத்து, நீரோடு பால்போல் கலந்த பால்மமாக்கினால்தான் அவை இலை முழுவதும் சென்று சேரும்.

கீரையைக் கழுவும் தொழிற்சாலைகளில் கிருமிநீக்கக் குளோரின் இருக்கையில், தாவரச் சாறு பற்றிய இந்த ஆராய்ச்சி எதற்கு?

கழுவும் நீரில் மண்ணும் இலைச்சாறும் சேரச் சேரக் குளோரின் வேகமாகச் செலவழிந்துவிடுகிறது. வேண்டாத துணைப்பொருள்களும் உருவாகின்றன. அங்கே அதன் முதன்மைப் பணி, ஒரு கட்டுக் கீரையின் கிருமி நீர்வழியே அடுத்த கட்டுக்குப் பரவாமல் தடுப்பதுதான். தாவரச் சாறும் அந்தப் பணியில் தேறியாக வேண்டும்.

வேப்பெண்ணெய்?

வேண்டாம். அதை உட்கொண்ட குழந்தைகள் நச்சுப் பாதிப்புக்கு உள்ளாகியிருக்கிறார்கள்.

முளைகட்டிய பயறை எலுமிச்சைச் சாறு பிழிந்து பச்சையாக உண்ணலாமா?

அமிலம் மேற்பரப்பில் ஓரளவு உதவும். ஆனால் முளையில் ஆபத்து விதையிலிருந்தே தொடங்குகிறது: விதையோட்டின் விரிசலில் பதுங்கிய சில பாக்டீரியாக்கள், முளைகட்டும் ஈரத்திலும் வெதுவெதுப்பிலும் கோடிக்கணக்கில் பெருகுகின்றன. 2011இல் ஜெர்மனியில் வெந்தய முளைகளோடு தொடர்புபடுத்தப்பட்ட ஈ. கோலைத் தொற்றில் 50 பேருக்கு மேல் உயிரிழந்தனர். கருவுற்றோரும் முதியோரும் குழந்தைகளும் முளைப்பயறை வேகவைத்தே உண்ண வேண்டும்.

கோழிக்கறியை மஞ்சள் தடவிக் கழுவுகிறோமே?

மஞ்சள் தடவுவதில் தவறில்லை, கழுவுவதில்தான் தவறு. தெறிக்கும் நீர் கிருமிகளைத் தொட்டிக்கும் அருகில் நறுக்கி வைத்த வெள்ளரிக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும். கறியின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸை எட்டும்வரை வேகட்டும். வெள்ளரியை நறுக்குவதற்கு முன்பே, ஓடும் குழாய்நீரில் கையால் தேய்த்துக் கழுவி, துணியால் துடைத்துத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.