பழைய கார் சேர்த்து வச்ச வளவில களவு போனா என்ன செய்யலாம்?

உங்கட பெரியப்பா வெள்ளவத்தை வளவில போட்டு வச்ச மொரிஸ் மைனர், ஒஸ்டின் ஒவ்வொண்டா காணாமப் போகுது எண்டு கேட்டிருந்தீங்க. புல் மூடின வளவில எது எப்ப போனது எண்டே வீட்டாருக்குத் தெரியாது, அதுதான் கள்ளனுக்கு வசதி, பட்டப்பகல்ல லொறியில ஏத்தினாலும் பழைய இரும்புக்குப் போகுது எண்டுதான் அயலார் நினைப்பினம். 2020ல இலங்கையில வாகன இறக்குமதிய நிப்பாட்டின காலத்தில பழைய வாகனத்துக்கெல்லாம் விலையும் ஏறினது.

மிச்சம் நிக்கிற கார்களிண்ட செசி நம்பர் (காரிண்ட அடிச்சட்டத்தில பொறிச்ச நம்பர்), எஞ்சின் நம்பர் ரெண்டையும் கறள் தேய்ச்சு உடன போட்டோ எடுங்கோ. போனதுக்கு பிளேட் நம்பராவது தெரிஞ்சா நாரஹேன்பிட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில விபரம் கேளுங்கோ, அந்த விபரம் இல்லாம பொலிஸ்ல என்ட்ரி போட்டா கார் கிடைச்சாலும் எங்கட எண்டு காட்டுறது கஷ்டம். பெரியப்பாவ ஏசாதேங்கோ, பாவம், எது எங்க நிண்டது எண்டு அவருக்குத்தான் தெரியும்.