ஸ்டால் பொறுப்பு வந்தால் வேலையை விட்டுவிடலாமா?

காசிமேட்டிலிருந்து கேட்டிருக்கும் அம்மாவுக்கு,

மகள் செருப்புக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. அதற்குள் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் மூன்று நாள் தோல் பொருள் கண்காட்சி, ஸ்டால் பொறுப்பு அவள் தலையில், கூட நாலு பேர். ராத்திரியெல்லாம் உட்கார்ந்து பட்டியல் போடுகிறாள், வேலையை விட்டுவிட்டு பேங்க் தேர்வுக்குப் படிக்கச் சொல்லலாமா என்கிறீர்கள். அந்தப் பட்டியலைப் பார்த்தேன். பதினேழு வேலை, பதினான்குக்கு எதிரே அவள் பெயர். தூக்கம் எப்படி வரும்?

விசைப்படகு கரைக்கு வந்ததும் உங்கள் ஊரில் என்ன நடக்கிறது? ஏலம் விடுகிறவர் கூடை தூக்கப் போவதில்லை. ஐஸ் உடைக்கிறவர் கணக்கு நோட்டைத் தொடுவதில்லை. படகு ஓனர் நடுவில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பார். உங்கள் மகள் நிற்க வேண்டிய இடம் அதுதான்.

மூன்றுக்கு மூன்று மீட்டர் ஸ்டாலுக்குள் ஐந்து பேரும் அடைத்துக்கொண்டு நின்றால் வருகிறவர் உள்ளே கால் வைக்க மாட்டார். கலகலப்பாகப் பேசுகிறவரை நடைபாதை ஓரம் நிறுத்தட்டும். தோல் ரகம், விலை, எத்தனை நாளில் சரக்கு போகும் என்று தெரிந்த பழைய ஆள் மேசையில் உட்காரட்டும். மூன்றாமவருக்கு ஒரே வேலை: விசிட்டிங் கார்டை வாங்கியதும், என்ன கேட்டார், எத்தனை ஜோடி, எப்போது கூப்பிட வேண்டும் என்று அதன் பின்பக்கமே எழுதுவது. இதைச் சில்லறை வேலை என்று நினைத்துப் புதுப் பையனிடம் தள்ளிவிடுவார்கள். கட்டிய ஸ்டால் வாடகை திரும்பி வருவதே அந்தக் கார்டுகள் வழியாகத்தான். கையெழுத்து புரிகிற, கவனமான ஆளாகப் போடச் சொல்லுங்கள். நாலாமவர் மாற்று ஆள். சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொருவர் இடத்திலும் நிற்பார், சாம்பிள் செருப்பு காணாமல் போகாமல் பார்ப்பார். கடைசி நாள் சாமானை வெளியே எடுக்க கேட் பாஸ் வாங்குவதும் அவரே.

யாருக்கு எது என்று முந்தின நாளே பெயர் போட்டுக் கொடுத்துவிட வேண்டும். ஒரு கல்லூரி வேலைவாய்ப்பு முகாமில் ஐந்து மாணவர்களிடம் 'எல்லாரும் பார்த்துக்கோங்கப்பா' என்று சொல்லிவிட்டுப் போனவன் நான். ஒரு மணிக்கு ஐந்து பேரும் சேர்ந்தே சாப்பிடப் போய்விட்டார்கள். திரும்பி வந்தபோது பதிவு மேசையில் ஒரு பேனா மட்டும் கிடந்தது. நோட்டு அப்புறமும் கிடைக்கவில்லை.

சரி, பேங்க் தேர்வு. பி.ஓ., அதாவது பேங்க் அதிகாரி தேர்வை 30 வயது வரை எழுதலாம், அவளுக்கு 22தானே. கிளார்க் தேர்வு போல இல்லை, பி.ஓ.வுக்கு நேர்காணலும் உண்டு. நாலு பேரை வைத்து ஸ்டால் நடத்தினேன் என்று அங்கே சொல்லலாம். எத்தனை பேர் விசாரித்தார்கள், எத்தனை ஆர்டர் ஆனது என்று கண்காட்சி முடிந்த அன்றே குறித்து வைக்கச் சொல்லுங்கள். விடுவதா வேண்டாமா என்ற பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

புதுவண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் மாறாமல் ஆலந்தூர், அங்கிருந்து ஆட்டோ. நாள் முழுக்க நிற்க வேண்டியிருக்கும். செருப்புக் கம்பெனி ஆச்சே என்று புதுச் செருப்பு போட்டுக்கொண்டு கிளம்பினால் மட்டும் விடாதீர்கள்.