கேள்வி பதில்: சில்லறைச் செலவுக்கு கிரெடிட் கார்டா, ரொக்கமா?

கேள்வி: பேனா, பேட்டரி, சோப்பு, பேருந்துச் சீட்டு என்று எதை வாங்கினாலும் கிரெடிட் கார்டைத் தட்டிவிட்டு வருவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. ஒவ்வொன்றும் அற்பத் தொகைதான். ஆனால் மாத பில்லில் மொத்தத்தைப் பார்த்தால் திகைப்பாக இருக்கிறது. சில்லறைச் செலவுகளையாவது ரொக்கத்துக்கு மாற்றிக்கொள் என்கிறார் என் அக்கா. கார்டில் வசதியும் பாயிண்டுகளும் இருக்கும்போது அது தேவைதானா?

பதில்: முதலில் நீங்கள் ஒன்றைச் சொல்ல வேண்டும். பில்லில் உள்ள மொத்தத் தொகையையும் கெடு தேதிக்குள் ஒவ்வொரு மாதமும் கட்டிவிடுகிறீர்களா, அல்லது ஒரு பகுதியை அடுத்த மாதத்துக்குத் தள்ளுகிறீர்களா? முழுவதையும் கட்டுபவர் என்றால், வாங்கிய நாளைப் பொறுத்து, பல கார்டுகளில் சுமார் 20 நாள் முதல் 50 நாள் வரை வட்டியில்லாமல் பிறர் பணத்தில் காலம் தள்ளுகிறீர்கள். அந்த அளவில் உங்களுக்கு நஷ்டம் எதுவும் இல்லை.

பாக்கி வைப்பவர் என்றால் கதையே வேறு. கட்டாமல் விட்ட தொகைக்கு மட்டும்தான் வட்டி என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலான கார்டுகளில், பாக்கி நிற்கும் வரை புதிதாக வாங்கும் பொருள்களுக்கும் அந்த வட்டியில்லா அவகாசம் கிடையாது. இன்று காலையில் வாங்கிய பேட்டரிக்குக்கூட உடனடியாக வட்டி ஓடத் தொடங்கிவிடுகிறது. மாதம் 3 சதவீதம் என்பது கேட்பதற்குச் சிறிதாக இருந்தாலும், வட்டிக்கு வட்டி சேர்ந்தால் ஆண்டுக்கு 42 சதவீதத்தைத் தாண்டிவிடும். செலவில் 1 சதவீதம் பாயிண்டுகளாகத் திரும்பி வருகிறது என்று வைத்துக்கொண்டாலும், ஒரே மாத வட்டி அதைப் போல மூன்று மடங்கை விழுங்கிவிடும். பில்லில் 'செலுத்த வேண்டிய குறைந்தபட்சத் தொகை' என்று அச்சிட்டிருப்பார்களே, அதை மட்டும் கட்டினால் அபராதத்திலிருந்துதான் தப்பிக்கலாம், வட்டியிலிருந்து தப்பிக்க முடியாது.

தமிழில் 'கடன் அட்டை' என்று முழுமையாக எழுதும்போது விஷயம் பெயரிலேயே இருக்கிறது. பேச்சில் வெறும் 'கார்டு' என்று சுருக்கிவிடுவதால், நம் கணக்கிலிருந்து அப்போதே பணம் எடுக்கும் டெபிட் கார்டும் இதுவும் ஒன்றுபோலத் தோன்றிவிடுகின்றன. 1950இல் அமெரிக்காவில் வந்த டைனர்ஸ் கிளப் அட்டையில் மாதக் கணக்கை முழுதாகத் தீர்த்துவிட வேண்டும். பாக்கியை வட்டியுடன் தள்ளிக்கொண்டே போகும் வசதி 1958இல் வந்த பேங்க்அமெரிகார்டு போன்றவற்றின் வழியாகத்தான் பரவியது. சில்லறைச் செலவுக்குக் கார்டைப் பயன்படுத்துபவர் அந்தப் பழைய விதியைத் தமக்குத் தாமே விதித்துக்கொள்வது நல்லது.

இனி உங்கள் திகைப்புக்கு வருகிறேன். பர்ஸைத் திறந்து, மடித்த நோட்டைப் பிரித்துக் கொடுத்து, மீதியை எண்ணி வாங்கும்போது செலவு கண்ணுக்குத் தெரிகிறது. உள்ளே எத்தனை நோட்டு மிச்சம் என்பதும் தெரிந்துவிடுகிறது. கார்டைத் தட்டும்போது ஒரு 'பீப்' ஒலியோடு எல்லாம் முடிந்துபோகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த டிராசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் இருவரும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், கூடைப்பந்துப் போட்டிச் சீட்டுகளுக்கு மாணவர்களை ஏலம் கேட்கச் சொன்னார்கள்; ரொக்கமாகத் தர வேண்டும் என்று சொல்லப்பட்டவர்களைவிட, கிரெடிட் கார்டில் தரலாம் என்று சொல்லப்பட்டவர்கள் சராசரியாக ஏறக்குறைய இரண்டு மடங்கு கேட்டார்கள். எல்லாப் பொருளுக்கும் இதே அளவு வித்தியாசம் இருக்கும் என்று சொல்ல மாட்டேன். சோப்பின் விலை நமக்குத் தெரியும், அதற்கு யாரும் இரட்டிப்பாகத் தரப்போவதில்லை. ஆனால் சோப்பு வாங்கப் போன இடத்தில் கல்லாவுக்கு அருகே தொங்கும் இன்னொன்றையும் எடுத்துப் போடுகிறோமே, அங்கேதான் கார்டு தன் வேலையைக் காட்டுகிறது.

ஆகவே அக்காவின் பேச்சைப் பாதி கேளுங்கள். பயணச் சீட்டு, மருந்து போல எப்படியும் செய்தே ஆக வேண்டிய செலவுகள் கார்டிலேயே இருக்கட்டும். ஆசைப்பட்டு வாங்குபவற்றுக்கு வாரத் தொடக்கத்தில் ஒரு தொகையை ரொக்கமாக எடுத்து வைத்துக்கொண்டு, அது தீர்ந்தால் அடுத்த வாரம் வரை பொறுத்திருங்கள். அந்த ரொக்கத்தை மட்டும் கிரெடிட் கார்டைக் கொண்டு ஏடிஎம்மில் எடுத்துவிடாதீர்கள். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு, பொதுவாக எடுத்த நாளிலிருந்தே வட்டியும் உண்டு.

கேள்வி: சிறு தொகைக்குக் கார்டை நீட்டினால் சில கடைக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள். ஏன்?

பதில்: நீங்கள் தரும் தொகை அவருக்கு முழுதாகப் போய்ச் சேருவதில்லை. கார்டைத் தந்த வங்கி, கார்டு நிறுவனம், கடைக்காரரின் வங்கி ஆகிய மூவரும் அதில் பங்கு எடுத்துக்கொள்கிறார்கள். முதல் பங்குக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் கிரெடிட் கார்டுக்கு 0.3 சதவீதம் என்று உச்சவரம்பு விதித்தது. அப்படி வரம்பில்லாத இடங்களில் அது இதைவிட அதிகமாக இருக்கும். பல இடங்களில் சதவீதக் கணக்கோடு, ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஒரு நிலையான சிறு தொகையும் பிடிக்கப்படுவதால், பெரிய பில்லில் தெரியாத அந்தத் தொகை ஒற்றைப் பேனா விற்ற லாபத்தை அப்படியே கொண்டுபோய்விடலாம். ரொக்கத்தை எண்ணுவதற்கும் வங்கியில் கொண்டுபோய்க் கட்டுவதற்கும் அவருக்குச் செலவு உண்டு என்பதும் உண்மைதான். ஆனால் அது அவர் கண்ணில் படுவதில்லை, இது மாதந்தோறும் கணக்கில் வந்து நிற்கிறது.

கேள்வி: தொலைந்துபோனால் எது மேல்?

பதில்: சந்தேகமே இல்லாமல் கார்டுதான். தொலைந்த நோட்டைத் தடுத்து நிறுத்த வழியில்லை. கார்டை ஒரு தொலைபேசி அழைப்பில் முடக்கிவிடலாம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: தட்டினாலே போதும் என்ற வசதியில் சிறு தொகைகளுக்கு ரகசிய எண் கேட்கப்படுவதில்லை, கண்டெடுத்தவர் முதலில் செய்து பார்ப்பதும் சிறு தொகையாகவே இருக்கும். பில்லில் பெரிய தொகைகளை மட்டும் பார்த்துவிட்டுப் புரட்டிவிடாமல், அற்பமாகத் தெரியும் வரிகளையும் ரசீதுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கடையின் பலகையில் உள்ள பெயர் ஒன்றாகவும் பில்லில் அச்சாகும் பெயர் வேறாகவும் இருப்பது சகஜம் என்பதால், புகார் செய்யும் முன் தேதியையும் தொகையையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.