கடன்தான் நித்திரையைக் கெடுத்தது என்று எழுதலாமா?

கேள்வி: உளவளத்துணை டிப்ளோமா படிக்கிறேன். ஒட்டுசுட்டான் பக்கம் இரண்டு கிராம அலுவலர் பிரிவுகளில், நுண்கடன் எடுத்த 42 பெண்களிடம் வினாக்கொத்துக் கொடுத்துக் கடனையும் நித்திரையையும் பற்றிக் கேட்டேன். கடன் கூடியவர்களுக்கு நித்திரைக் குறைவும் கூட, இணைபு 0.46. 'நுண்கடனே நித்திரையின்மைக்குக் காரணம்' என்று எழுதியதை மேற்பார்வையாளர் வெட்டிவிட்டார். நூறு பேராவது வேண்டும், கடன் குழுப் பெண்கள் தவணை கட்டக் கூடும் கடன் கூட்டத்துக்குப் போய் அவதானமும் செய்யுங்கள் என்கிறார். ரவுனில் ஒருவர் மிச்சப் படிவங்களை நிரப்பி, எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளிவிபர மென்பொருளில் போட்டுத்தர 30,000 ரூபாய் கேட்கிறார். என்ன செய்வது? — வாசகி, முல்லைத்தீவு மாவட்டம்

பதில்: அந்த 30,000 ரூபாயைத் தொடாமல் வையுங்கள். அந்த ஆளிடம் பிறகு வருகிறேன்.

வெட்டியது சரிதான். ஆனால் ஏன் வெட்டினார் என்று அவர் உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் செய்தது விபரண ஆய்வு. இருப்பதை இருக்கிறபடி பார்த்து எழுதுவதுதான் அதன் வேலை. நீங்கள் யாருக்கும் கடன் கொடுக்கவும் இல்லை, யாருடைய கடனையும் இல்லாமல் செய்து பார்க்கவும் இல்லை. ஆகவே 'காரணம்' என்ற சொல் உங்களுக்குக் கிடையாது. 'கடன் கூடிய பெண்களிடம் நித்திரைக் குறைவும் கூடுதலாகக் காணப்பட்டது' என்று எழுதுங்கள், பிரச்சினை முடிந்தது. இன்னொன்று: இணைபு என்பது இரண்டும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதன் அளவு; 0.46 என்றால் 46 வீதமானோர் என்று அர்த்தமில்லை. அப்படி எழுதிவரும் கட்டுரைகளை வருடாவருடம் பார்க்கிறேன்.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்று கேட்பீர்கள். உங்கள் ஊரையே எடுங்கள். பெரும்போகம் கதிர் முற்றுகிற நேரம் யானை வருகிறது. வீடே யானைவெடியோடு காவல் கொட்டிலில் விழித்திருக்கிறது. அப்படியும் ஓர் இரவில் அரை ஏக்கர் போய்விட்டால், அடுத்த கிழமை லோன். நித்திரையும் போனது, கடனும் ஏறியது. இரண்டையும் கொண்டுவந்தது யானை. உங்கள் வினாக்கொத்தில் யானை இருக்கிறதா? மறுபக்கமாகவும் நடக்கலாம். நித்திரையில்லாத பெண் கூலிவேலைக்குப் போகமுடியாமல் கடன் எடுப்பாள். அதே 0.46 இந்த மூன்று கதைக்கும் பொருந்தும்.

சரி, நூறு பேர். எண்ணிக்கை கூடினால் மட்டும் பதில் சரியாகிவிடாது. 1936 அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் என்ற சஞ்சிகை ஒரு கோடிப் பேருக்கு அட்டை அனுப்பியது. ஏறத்தாழ 24 இலட்சம் திரும்பி வந்தது. ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் வெல்வார் என்றார்கள். அவருக்குக் கிடைத்தது இரண்டே மாநிலம், ரூஸ்வெல்ட் 46 மாநிலங்களை அள்ளினார். அட்டை பெரும்பாலும் போனது தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்களுக்கு. திருப்பி அனுப்பியவர்களும் ஒரு பகுதியினர்தான். உங்கள் 42 பேர் எப்படிக் கிடைத்தார்கள்? குழுத் தலைவி காட்டிய வீடுகளா, பட்டியலில் குலுக்கி எடுத்ததா? அதை ஒளிக்காமல் எழுதுங்கள். அதோடு நம் சனம் 2009இல் போர் முடிந்த பிறகு எத்தனை பதிவு கொடுத்து அலுத்தவர்கள்! "தங்கச்சி, இதுக்கு ஏதும் தருவினமோ?" என்று படலையிலேயே கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்லுவார்கள். உதவிப் பட்டியல் என்று நினைத்துச் சொன்ன பதில், ஆயிரம் பேரிடம் வாங்கினாலும் உதவாது.

அவதானத்துக்கு வருவோம். சம்மதம் இல்லாமல் ஆய்வு இல்லை. பொது இடத்தில் அவதானிப்பது மட்டும் விதிவிலக்கு என்று பாடக்குறிப்பு சொல்லும். இந்த விதிவிலக்கைத்தான் எல்லோரும் இழுத்து நீட்டுகிறார்கள். புதுக்குடியிருப்புச் சந்தையில் எத்தனை பேர் பேரம் பேசுகிறார்கள் என்று எண்ணுங்கள், பெயரும் படமும் இல்லாமல். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலில் எத்தனை பேர் பிள்ளைகளோடு வந்தார்கள் என்றும் எண்ணலாம். ஆனால் அங்கே அம்மன் முன்னால் அழுகிற தாயின் பக்கத்தில் நின்று அவள் சொல்வதைக் குறிக்கலாமா? இடம் பொது, அழுகை பொது அல்ல. கடன் கூட்டம் அதற்கும் அப்பால். யாரோ ஒருவரின் விறாந்தையில் பதினைந்து பெண்கள் கூடினால் அது சந்தையாகிவிடாது. இந்தக் கிழமை யார் கட்டவில்லை என்பது அங்கே வெளியே வரும். எனவே முதலே போய் ஒவ்வொரு பெண்ணிடமும் சம்மதம் கேளுங்கள். லோன் உத்தியோகத்தர் தலையாட்டினால் போதாது. அவர் முன்னால் கேட்டால் அது சம்மதமும் அல்ல. வேண்டாம் என்று ஒருத்தி சொன்னால் அந்தக் கூட்டத்தை விடுங்கள்.

வன்னியில் கொப்பியோடு ஓரமாக நிற்பவரை என்னவென்று நினைப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். நான் ஒருமுறை கிளிநொச்சியில் பஸ்ஸுக்கு நிற்பவர்களைக் குறித்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடத்தில் எனக்குப் பக்கத்து வாங்கு காலி. பிறகு நான் எழுதியதெல்லாம், என்னைக் கண்டால் சனம் எப்படி நடக்கும் என்பதைத்தான்.

இனி 30,000 ரூபாய் கேட்ட அந்தத் தரகர். நிரப்பித்தருகிற படிவம் எப்போதும் நிறைந்திருக்கும். உண்மையான படிவத்தில் வயது 35, 40, 45 என்று முழுசாக வரும், வருமானம் வெறுமையாகக் கிடக்கும். கணவர் காணாமல்போய், 'மணமானவர்', 'விதவை' என்ற இரண்டு கட்டத்துக்கும் நடுவில் பேனையை வைத்துக்கொண்டு உங்களை நிமிர்ந்து பார்த்த பெண் ஒருவராவது அந்த 42 பேரில் இருந்திருப்பார். தரகர் அவருக்கும் ஒரு சரி போட்டுவிடுவார். வாய்மொழிப் பரீட்சையில் மாட்டுவது நீங்கள்.

கோபம் அவர்மேல் மட்டுமில்லை. எந்த ஆய்வென்றாலும் கருதுகோள் கட்டாயம், நூறு பேர் கட்டாயம், கடைசி அத்தியாயத்தில் பத்துப் பரிந்துரை கட்டாயம் என்று ஒரே அச்சை வைத்துக்கொண்டு மாணவரை நெரித்தால், அவர்கள் வேறு எங்கே போவார்கள்? மேற்பார்வையாளரிடம் நேரே கேளுங்கள்: எதற்கு நூறு, எந்தக் கணக்குப்படி? பதில் இருந்தால் இன்னும் வீடுகளுக்குப் போங்கள். இல்லாவிட்டால் 42 என்றே எழுதி, இது இரண்டு பிரிவுகளுக்கு வெளியே செல்லாது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

எஸ்.பி.எஸ்.எஸ்.ஸும் தேவையில்லை. அதே வேலை செய்கிற ஜமோவி என்ற மென்பொருள் இலவசம், இந்த 42 பேரின் இணைபுக்கு எக்செல்லே போதும். யானைக் கேள்வியை மட்டும் திரும்பப் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.