முதலில் கழற்றக் கற்றுக்கொடுங்கள்

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. கண்ணாடி வேண்டாம் என்று அவளே கேட்டதால் இரண்டு மாதம் முன்பு கான்டாக்ட் லென்ஸ் வாங்கிக் கொடுத்தோம். விரலைக் கண்ணருகே கொண்டுபோனாலே இமையை இறுக்கி மூடிக்கொள்கிறாள். தினமும் நான்தான் போட்டு, நான்தான் கழற்றுகிறேன். (போன வாரம் நான் வீடு திரும்ப நேரமாகிவிட்டது, லென்ஸோடே தூங்கிவிட்டாள். அவள் அப்பா வீட்டில்தான் இருந்தார், அவருக்கு இதெல்லாம் தெரியாது. நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை.) அவளாகவே போட்டுக்கொள்ள எப்படிப் பழக்குவது?

பதில்: போடுவதைப் பற்றிக் கேட்கிறீர்கள். நான் அடைப்புக்குறிக்குள் நீங்கள் எழுதியதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

கருவிழியில் ரத்தக் குழாய் கிடையாது. விழித்திருக்கும்போது அதற்கு வேண்டிய ஆக்சிஜன் பெரும்பாலும் வெளிக்காற்றிலிருந்து, கண்ணீர் வழியாகத்தான் வருகிறது. தூங்கும்போது லென்ஸும் மூடிய இமையும் சேர்ந்து அதைக் குறைத்துவிடுகின்றன. கிருமி தொற்றும் ஆபத்து பல மடங்கு கூடுகிறது. கருவிழியில் புண் வந்து தழும்பாகிவிட்டால் பார்வையே மங்கலாம். நல்லவேளை என்று சொல்லிக் கடந்துபோகிற விஷயமா இது?

அவள் ஏன் அப்படித் தூங்கினாள்? கழற்றத் தெரியாததால் நீங்கள் வரும்வரை காத்திருந்து கண் அசந்திருக்கிறாள். பள்ளியில் கண் உறுத்தினால் யாருக்காகக் காத்திருப்பாள்? தானே கழற்றத் தெரியாத பிள்ளையை இரண்டு மாதம் லென்ஸோடு வெளியே அனுப்பியிருக்கிறீர்கள். பிரியத்தில் செய்ததுதான், தெரியும். ஆனால் பிள்ளைக்கு எல்லாவற்றையும் நாமே செய்துகொடுப்பது வளர்ப்பு ஆகாது. அப்புறம், பக்கத்து அறையில் இருந்த அப்பாவுக்கு 'இதெல்லாம் தெரியாது' என்பதை நான் ஏற்கமாட்டேன். மகளின் கண் அவருக்கும் பொறுப்புதான்.

நாளை முதல் கண்ணாடியே போடட்டும். விடுமுறை நாளில், அவசரமில்லாத நேரத்தில், மூன்று பேரும் உட்காருங்கள். நகம் வெட்டி, சோப்பு போட்டுக் கை கழுவி, நன்றாகத் துடைத்துக்கொள்ளட்டும். நீங்கள் லென்ஸைப் போட்டுவிடுங்கள், கழற்றுவது அவள் வேலை. மேலே பார்த்தபடி, நடுவிரலால் கீழ் இமையை இழுத்துப் பிடித்து, ஆள்காட்டி விரலால் லென்ஸை வெள்ளைவிழிக்கு நகர்த்த வேண்டும். அப்புறம் கட்டைவிரலையும் சேர்த்து, நகம் படாமல் விரல் சதையால் மெல்லக் கிள்ளி எடுக்கலாம். லென்ஸ் காய்ந்து ஒட்டியிருந்தால் இழுக்கக் கூடாது. லென்ஸ் போட்டிருக்கும்போது விடக்கூடிய சொட்டு மருந்தை விட்டு, அது நகரும்வரை பொறுக்க வேண்டும். லென்ஸ் கண்ணுக்குப் பின்னால் போய்விடாது என்பதையும் அவளுக்குச் சொல்லுங்கள். பல பிள்ளைகளின் பயமே அதுதான்.

கழற்ற வந்துவிட்டால் விரல் மீதான பயம் பாதி போய்விடும். போடுவதற்கு மேல் இமையை இமைமுடி ஓரத்தில் இன்னொரு கையால் பிடித்துக்கொண்டால் போதும், அது மூடாது. நீங்கள் அவள் தலையைப் பிடித்து அழுத்தாதீர்கள். குழாய்த் தண்ணீர் லென்ஸிலோ அதை வைக்கும் டப்பாவிலோ படவே கூடாது. இப்போது எந்த வகை லென்ஸ் என்று நீங்கள் எழுதவில்லை. ஒருநாள் போட்டு எறிகிற வகை அவளுக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள், கழுவிப் பாதுகாக்கும் வேலை மிச்சம்.

கண் சிவந்தாலோ, வலித்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, பார்வை மங்கினாலோ லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றே மருத்துவரிடம் போங்கள். ஒன்றும் இல்லாவிட்டாலும் இந்த வாரமே ஒருமுறை காட்டி, லென்ஸோடு தூங்கியதை மறைக்காமல் சொல்லுங்கள். அவள் அப்பாவும் உடன் வரட்டும்.