ஷவரில் திடீர்க் கொதிநீர்: கீசர் கம்பெனி மீது வழக்குப் போடலாமா?

கேள்வி: மதுரை ஆனையூரில் போன வருடம் வீடு கட்டிக் குடிபோனோம். மாடிக் குளியலறை ஷவரில் தண்ணீர் ஒரே சூட்டில் வருவதில்லை. கீழே சமையலறைக் குழாயைத் திறந்தால் குளிப்பவர் மேல் கொதிக்கக் கொட்டுகிறது. மூடினால் மறுபடி வெதுவெதுப்பாகிவிடுகிறது. மாமியாருக்குத் தோளில் சுட்டுவிட்டது. நாத்தனார் என்னைத்தான் ஏசுகிறார். கீசர் கம்பெனி ஆள் மூன்று முறை வந்து, மெஷினில் கோளாறே இல்லை என்று அலட்சியமாகச் சொல்லிவிட்டுப் போனார். கொழுந்தனார் கூட்டிவந்த பிளம்பிங் கான்ட்ராக்டர் கீசரைக் கைகாட்டுகிறார். இப்போது போன் எடுப்பதில்லை. கம்பெனியிடம் ஐந்து லட்சம் நஷ்டஈடு கேட்க வேண்டும். அடுத்த வாரம் சுவரை உடைத்துச் சரிசெய்ய வேறு பிளம்பரிடம் பேசிவிட்டோம்.

பதில்: நாத்தனார் பேச்சையும் கம்பெனி ஆளின் அலட்சியத்தையும் ஓரமாக வையுங்கள். வருத்தம் நியாயம்தான், ஆனால் வழக்குக்கு உதவாது. சூடு மாறுவதற்குக் காரணம் கீசரா, பைப் லைனா? வழக்கை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையம் கேட்கப்போவது இது ஒன்றைத்தான். அதற்கான பதிலை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சமையலறைக் குழாயைத் திறக்கும்போது மட்டும் ஷவர் கொதிக்கிறது என்றால், பச்சைத் தண்ணீர் லைனில் அழுத்தம் விழுகிறது. இரண்டு தண்ணீரையும் கலக்கும் மிக்சருக்குச் சுடுதண்ணீரே அதிகமாக வந்து சேர்கிறது. கீசரின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கெட்டிருந்தால் சமையலறைக் குழாயைத் திறந்தாலும் மூடினாலும் அது கெட்டபடிதான் இருக்கும். ஆகவே உங்கள் முதல் எதிர்தரப்பு கம்பெனி இல்லை, லைன் போட்ட கான்ட்ராக்டர். அவர் கீசரைக் கைகாட்டுவதால் கம்பெனியை இரண்டாவது எதிர்தரப்பாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவரை விட்டுவிட்டால், இருப்பவர் இல்லாதவர் மேல் பழியைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். கான்ட்ராக்டருக்கு ஜிபேயில் பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவுகளை எடுத்து வையுங்கள். அவர் பில் தராத ஆள் என்றால், காசு கொடுத்து வேலை வாங்கியதற்கு அதுதான் சாட்சி.

இனி நான் பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். சுவரை இப்போது உடைக்காதீர்கள். திருநகரில் நான் வழக்கறிஞராக வாதாடிய ஒரு கட்சிக்காரர் இப்படித்தான் செய்தார். புது பிளம்பர் டைல்ஸை உடைத்து, உள்ளே இருந்த டைவர்ட்டரை (தண்ணீரை ஷவருக்கோ குழாய்க்கோ திருப்பிவிடும் வால்வு) கழற்றி, லைனை மாற்றிப் போட்டார். தண்ணீரும் சரியானது. பழைய பைப்பும் டைவர்ட்டரும் பழைய இரும்புக் கடைக்குப் போயின. அதன்பிறகுதான் என்னிடம் வந்தார். 'நான் போட்ட லைன் இது இல்லை, இவர்களே மாற்றியது' என்று எதிர்தரப்பு ஒரே வரியில் எதிருரை போட்டது. எங்கள் கையில் இருந்தது உடைந்த டைல்ஸின் போட்டோ மட்டும். உடைத்துக் கட்டிய செலவுகூட அவருக்குக் கிடைக்கவில்லை.

முதலில் கான்ட்ராக்டருக்கும் கம்பெனிக்கும் ஒப்புகையுடன் நோட்டீஸ் அனுப்பி, பதினைந்து நாளுக்குள் வந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒருவர் சமையலறைக் குழாயில், ஒருவர் ஷவரடியில் தெர்மாமீட்டரோடு நின்று, சூடு ஏறுவதை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். தகுதியுள்ள பொறியாளர் ஒருவரிடம் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். வழக்கென்று போய்விட்டால், பொறியாளருடன் அட்வகேட் கமிஷனர் (நேரில் பார்த்து அறிக்கை தர ஆணையம் நியமிக்கும் வழக்கறிஞர்) வந்து பார்க்க மனுப் போட்டு, அவர் பார்த்துவிட்டுப் போன பிறகே சுத்தியலை எடுக்க வேண்டும். கீசரைச் சோதிக்க ஆய்வகத்துக்கு அனுப்பச் சட்டத்தில் வழி உண்டு; அதற்கான கட்டணத்தை நீங்கள் முன்கூட்டியே கட்ட நேரிடும். கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் சாக்கில் கட்டி, தேதி எழுதி வையுங்கள்.

இரண்டாவது கண்ணி, நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த மூன்று வருகைகள். போகும்போது வாசலில் நின்று "மேடம், ஓடிபி சொல்லுங்க, கம்ப்ளெயின்ட்ட க்ளோஸ் பண்ணணும்" என்று கேட்டிருப்பாரே, மூன்று முறையும் சொல்லியிருப்பீர்கள். கம்பெனிக் கணக்கில் அது 'வாடிக்கையாளர் திருப்தி' என்று ஏறிவிடும். அவர் எழுதிக் கொடுத்த ஜாப் ஷீட்டை, அதாவது வேலை விவரத் தாளை, எடுத்துப் பாருங்கள். 'போர் தண்ணீர், எலிமெண்டில் உப்புப் படிவு' என்று கிறுக்கி, அதன் கீழே உங்கள் கையெழுத்து இருந்தால், வாரண்டியில் வராத கோளாறு என்று நீங்களே ஒப்புக்கொண்டதாக வாதாடுவார்கள். மதுரைப் பக்கம் போர் தண்ணீர் பயன்படுத்தும் வீடுகளில் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பிரச்சினை தீரவில்லை என்று இன்றைக்கே கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். இனி யார் வந்தாலும் 'கோளாறு தீரவில்லை' என்று உங்கள் கையால் எழுதி, போட்டோ எடுத்துக்கொண்டு, பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

ஐந்து லட்சத்தை மறந்துவிடுங்கள். மாமியாரை அரசு இராசாசி மருத்துவமனையிலோ வேறெங்கோ காட்டி, சீட்டு இருந்தால் காயத்துக்குத் தனியாகக் கேட்கலாம். வீட்டிலேயே களிம்பு போட்டிருந்தால் பெரிதாக எதுவும் வராது. அதைவிட முக்கியம், அவருக்கு மறுபடி சுடக் கூடாது. 60 டிகிரித் தண்ணீர் சில நொடிகளில் தோலை வேகவைத்துவிடும். வயதானவர்களுக்கு இன்னும் சீக்கிரம். கீசரின் சூட்டைக் குறைத்து வையுங்கள். லைன் சரியாகும் வரை ஷவர் வேண்டாம். வாளியில் கலந்து, கையை விட்டுப் பார்த்துக் குளிக்கட்டும்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள்தான் கெடு. 'வர்றேன், பார்க்கிறேன்' என்று கான்ட்ராக்டர் சொல்லும் வாக்குறுதியால் அது நீளாது. போன வருடத்து வீடு என்பதால் நாள் இருக்கிறது, ஆனால் நிறைய இல்லை.

இத்தனையும் சொன்ன பிறகும் என் யோசனை சமரசம்தான். தொட்டியிலிருந்து குளியலறைக்குத் தனி லைன் இறக்கினாலோ, அழுத்தத்தைச் சமன்செய்யும் மிக்சர் மாட்டினாலோ முடிகிற வேலை இது. இதற்காக வாய்தா வாய்தாவாக நடப்பது உங்களுக்குத்தான் நஷ்டம். நோட்டீஸ் கைக்குப் போனதும் கான்ட்ராக்டர் போன் எடுப்பார். கொழுந்தனாரை நடுவில் வைத்துப் பேசுங்கள். எந்த லைன், எந்தத் தேதிக்குள், டைல்ஸ் செலவு யாருடையது என்பதைத் தாளில் எழுதி வாங்குங்கள். 'இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்' என்ற வரி அதில் இருந்தால், சமையலறைக் குழாயைத் திறந்துவைத்து ஷவரில் ஒரு வாரம் குளித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கொழுந்தனாரும் சாட்சியாகக் கையெழுத்துப் போடட்டும். ஆளைக் கூட்டிவந்தவர் அவர், பிறகு அந்தக் கான்ட்ராக்டர் எளிதில் பின்வாங்க முடியாது.