கேள்வி பதில்: கேம்பஸ் ஐடி வேலையும் புதுசு படிக்கறதும்

யுனிவர்சிட்டி ஐடி செக்‌ஷன்ல வேலை பாக்கறவங்க அனுப்புன கேள்விகள்தான் இந்த தடவை. நானும் 20 வருஷத்துக்கு மேல சர்வர் ரூம், ஹெல்ப்டெஸ்க்னு இருந்தவதான், அதனால ஒவ்வொரு கடிதத்தையும் படிக்கும்போது இது நம்ம கதைன்னே தோணுச்சு. பேர் போட வேணாம்னு பல பேர் கேட்டிருந்தீங்க, யார் பேரும் போடல.

கேள்வி: 19 வருஷமா சிஸ்டம் அட்மினா இருக்கேன் மேடம். வயசு 46. சர்வர், ஸ்விட்ச், மெயில் எல்லாம் கையால பண்ணியே பழக்கம். இப்ப சுத்தி எல்லாரும் கிளவுட், கன்டெய்னர், ஏஐன்னு பேசறாங்க, எனக்கு உள்ளுக்குள்ள பயமா இருக்கு. படிக்கலாம்னா காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் போன் ஓயமாட்டேங்குது. எங்க ஆரம்பிக்கறது?

பயப்படாதீங்கன்னு சும்மா சொல்லல, காரணத்தோட சொல்றேன். சைட் பேரை அட்ரஸா மாத்தற டிஎன்எஸ்ல ஒரு ரெக்கார்டு தப்பா இருந்தா என்னென்ன விழும், டிஸ்க் ஃபுல் ஆனா எந்த சர்வீஸ் முதல்ல படுக்கும், நெட்வொர்க் ஸ்லோன்னு ஒருத்தர் சொன்னா அது நெட்வொர்க்கா டேட்டாபேஸான்னு எப்படி கண்டுபிடிக்கறது, இதெல்லாம் உங்களுக்கு கை வந்த விஷயம். கிளவுட்ல போனாலும் அதே டிஎன்எஸ், அதே டிஸ்க், அதே ரவுட்டிங்தான் இருக்கு. கன்டெய்னர்னு பெருசா பேசறாங்களே, ஒரு அப்ளிகேஷனை அதுக்கு வேண்டியதோட தனிப் பெட்டியா கட்டி ஓட்டறதுதான் அது. அதுக்கான டூல் டாக்கர் 2013ல வந்தப்ப நானும் மிரண்டேன், உள்ள போய் பாத்தா லினக்ஸ் கெர்னல்ல ஏற்கெனவே இருந்த நேம்ஸ்பேஸ் (ப்ராசஸை தனியா பிரிச்சு வைக்கறது), சிகுரூப் (அதுக்கு மெமரி, சிபியூ அளவு வைக்கறது) ரெண்டையும் சேர்த்து கட்டுனதுதான். ப்ராசஸ்னா என்னன்னு தெரிஞ்ச ஆளுக்கு அது புரிய ரொம்ப நாள் ஆகாது.

நேரம்தான் உண்மையான பிரச்சனை. அதுக்கு நான் பண்ணது இதுதான்: 2 வாரத்துக்கு ஒரு நோட்டு வச்சுக்கங்க, கையால செய்யற ஒவ்வொரு வேலையையும், எவ்ளோ நேரம் ஆச்சுன்னும் எழுதுங்க. புது ஸ்டூடண்ட் அக்கவுண்ட், பாஸ்வேர்ட் ரீசெட், லேப்ல சாஃப்ட்வேர் ஏத்தறது, டிஸ்க் கோட்டா கூட்டறது, எதையும் விடாதீங்க. 2 வாரம் கழிச்சு அந்த நோட்டை பாருங்க, உங்க சிலபஸ் அங்கதான் இருக்கு. அதுல அதிகமா திரும்பத் திரும்ப வர்ற ஒரே ஒரு வேலையை எடுத்து ஆட்டோமேட் பண்ணுங்க. எனக்கு அது லேப் மிஷின் செட்டிங்கா இருந்துச்சு, 60 மிஷின்ல ஒரு ப்ராக்ஸி அட்ரஸ் மாத்த 2 பேர் ஒன்றரை நாள் நடந்துட்டே இருப்போம். நிறைய மிஷினை ஒரே இடத்துல இருந்து செட் பண்ற அன்சிபிள் டூலைப் படிச்சு, பிளேபுக் (என்னென்ன செய்யணும்னு சொல்ற ஃபைல்) எழுத எனக்கு 3 நாள் ஆச்சு, அந்த 3 நாளும் இதுக்கு பதிலா நடந்தே மாத்தியிருக்கலாமேன்னு தோணுச்சு, ஆனா அடுத்த தடவை அதே வேலை 10 நிமிஷத்துல முடிஞ்சுது. அப்படி மிச்சமான நேரத்துலதான் அடுத்ததைப் படிச்சேன், வீட்டு நேரத்துல கை வைக்கல.

அன்சிபிள்ல ஆரம்பிக்கச் சொல்றதுக்கு காரணம், மிஷின்ல தனியா ஏஜென்ட் சாஃப்ட்வேர் எதுவும் போட வேணாம், லினக்ஸ்னா ரிமோட் லாகினுக்கு எஸ்எஸ்ஹெச்சும் பைத்தானும் இருந்தா போதும். எழுதுன ஃபைலை எல்லாம் முதல் நாள்லயே மாத்தங்களை பதிஞ்சு வைக்கற கிட் டூல்ல போட்டுடுங்க, யார் எப்ப என்ன மாத்துனாங்கன்னு தெரியும். ஒரு எச்சரிக்கை, மனசார சொல்றேன்: புது பிளேபுக்கை முதல்ல செக் மோட்ல (எதையும் மாத்தாம, என்ன மாறும்னு மட்டும் காட்டும்) ஓட்டுங்க, அப்புறம் லிமிட் போட்டு ஒரே ஒரு மிஷின்ல ஓட்டுங்க, அப்புறம்தான் மொத்த லேபுக்கும். நான் ஒரு தடவை தப்பான குரூப் பேர் குடுத்து, பசங்க ப்ராக்டிகல் எழுதிட்டு இருந்த மிஷின் எல்லாம் ரீபூட் ஆயிடுச்சு. அந்தப் பசங்க முகம் இன்னும் ஞாபகம் இருக்கு.

கேள்வி: எந்த சர்டிஃபிகேட் எக்ஸாம் எழுதுனா நல்லது அக்கா?

ப்ரமோஷனுக்கு ஆஃபீஸ்ல எதைக் கேக்கறாங்களோ அதை எழுதுங்க, அதுல தப்பே இல்ல. ஆனா எக்ஸாமுக்கு படிக்கும்போது ஒவ்வொரு சேப்டருக்கும் உங்க சொந்த விர்ச்சுவல் மிஷின்ல ஒரு விஷயத்தையாவது கட்டி, அதை நீங்களே உடைச்சு, திரும்ப சரி பண்ணி பாருங்க. எக்ஸாம் கேள்வி பதிலை அப்படியே தொகுத்த டம்ப் படிச்சு பாஸ் பண்றவங்களை இன்டர்வியூல 5 நிமிஷத்துல கண்டுபிடிச்சுடலாம், நான் உக்காந்த பேனல்ல பலமுறை பாத்துட்டேன்.

கேள்வி: வெப்சைட் சர்டிஃபிகேட் எல்லாம் இனிமே 47 நாள்தான்னு சொல்றாங்களே, நிஜமா? எங்க கிட்ட சின்னதும் பெருசுமா நிறைய சர்வர் இருக்கு, வருஷத்துக்கு ஒரு தடவை கையாலதான் புதுப்பிக்கறோம்.

நிஜம்தான். இந்த சர்டிஃபிகேட் எக்ஸாம் சர்டிஃபிகேட் இல்ல, சைட் நிஜமானதுன்னு பிரவுசருக்கு காட்டற டிஜிட்டல் அடையாள அட்டை. இந்த மாத்தம் ஒரே நாள்ல வரல, படிப்படியா வருது. முன்னாடி அதிகபட்சம் 398 நாள் இருந்துச்சு. 2025 ஏப்ரல்ல, சர்டிஃபிகேட் குடுக்கற அமைப்புகளும் (சிஏ) பிரவுசர் கம்பெனிகளும் சேர்ந்த சிஏ பிரவுசர் ஃபோரம்ல ஓட்டெடுப்பு நடந்து முடிவாச்சு: 2026 மார்ச் 15ல இருந்து 200 நாள், 2027 மார்ச் 15ல இருந்து 100 நாள், 2029 மார்ச் 15ல இருந்து 47 நாள். 47 நாளுக்கு ஒரு தடவை ஒவ்வொரு சர்வரா உக்காந்து கையால மாத்தறது நடக்கற காரியமே இல்ல, அதனால சர்டிஃபிகேட்டை தானா வாங்கி புதுப்பிக்கற அக்மி ப்ரோட்டோகால் படிக்கறது இப்ப கட்டாயம் ஆயிடுச்சு. இது பல வருஷமா ஓடிட்டு இருக்கற விஷயம்தான், இலவச சிஏவான லெட்ஸ் என்க்ரிப்ட் 2015ல இருந்தே 90 நாள் சர்டிஃபிகேட்டை இப்படித்தான் குடுக்குது.

டூலை இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி லிஸ்ட் எடுங்க, கஷ்டமே அங்கதான். மெயின் வெப்சைட் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், லைப்ரரி கேட்டலாக், பழைய அட்மிஷன் போர்ட்டல், ஏதோ ஒரு டிபார்ட்மென்ட் ப்ரொஃபசர் 8 வருஷத்துக்கு முன்னாடி தனியா வச்ச சர்வர், லோட் பேலன்சர், இதெல்லாம்தான் சனிக்கிழமை ராத்திரி எக்ஸ்பயர் ஆகும். பப்ளிக் சிஏ குடுத்த சர்டிஃபிகேட்டை எல்லாரும் பாக்கற மாதிரி பதிஞ்சு வைக்கற சர்டிஃபிகேட் டிரான்ஸ்பரன்சி லாக்ல உங்க டொமைன் பேரைப் போட்டு தேடுங்க, நீங்க மறந்துபோனது எல்லாம் வெளிய வரும்.

இன்னொண்ணு, இதை பல பேர் கவனிக்கறதில்ல. யுனிவர்சிட்டிகளுக்கு பொதுவான எடுரோம் வைஃபைக்கு பின்னாடி, லாகினை சரிபாக்கற ரேடியஸ் சர்வருக்கும் ஒரு சர்டிஃபிகேட் இருக்கு. அதையும் இந்த 47 நாள் வண்டில ஏத்துனீங்கன்னா ஒவ்வொரு தடவை மாறும்போதும் சில போன் எல்லாம் நம்பலாமா வேணாமான்னு கேக்க ஆரம்பிக்கும், பசங்க கண்ணை மூடிட்டு சரின்னு அமுக்குவாங்க, அப்படி அமுக்கறது பழக்கமாயிட்டா போலி வைஃபை வைக்கறவனுக்கு கதவு தொறந்தாச்சு. 47 நாள் விதி பிரவுசர் நம்பற பப்ளிக் சிஏக்குத்தான், உங்க சொந்த சிஏக்கு கிடையாது. அதனால ரேடியஸுக்கு சொந்தமா ஒரு ப்ரைவேட் சிஏ வச்சு, எடுரோம் கான்ஃபிகரேஷன் டூல் வழியா போன்ல ப்ரொஃபைலை ஏத்தறதுதான் சரி.

கேள்வி: மேனேஜ்மென்ட்ல ஸ்டூடண்ட்ஸுக்கு ஏஐ சாட்பாட் வைக்கணும்னு சொல்றாங்க, கூடவே அசைன்மென்ட் ஏஐ எழுதுனதான்னு கண்டுபிடிக்கற சாஃப்ட்வேரும் வேணுமாம். எங்க டீம் 4 பேர், யாருக்கும் இதுல அனுபவம் இல்ல.

ரெண்டாவதை முதல்ல சொல்லிடறேன். ஏஐ டிடெக்டரை நம்பி ஒரு பையன் மேல கை வைக்கக் கூடாது. சாட்ஜிபிடியை செஞ்ச ஓப்பன்ஏஐ கம்பெனியே ஒரு டிடெக்டர் விட்டு, சரியா கண்டுபிடிக்க மாட்டேங்குதுன்னு 2023 ஜூலைல அதை நிறுத்திட்டாங்க. அதே வருஷம் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள் பாத்தப்ப, இங்கிலீஷ் தாய்மொழியா இல்லாதவங்க சொந்தமா எழுதுன கட்டுரைல பாதிக்கு மேல ஏஐ எழுதுனதுன்னு டிடெக்டர்கள் தப்பா சொல்லுச்சு. இதை மீட்டிங்ல எந்திரிச்சு சொல்ல வேண்டியது நீங்கதான், ஏன்னா அந்த ரூம்ல டெக்னாலஜி தெரிஞ்ச ஆள் நீங்க மட்டும்தான் இருப்பீங்க. புது டெக்னாலஜி படிக்கறதுல எது வேலைக்கு ஆகாதுன்னு ஆதாரத்தோட சொல்லக் கத்துக்கறதும் சேர்த்திதான், அதை எந்த கோர்ஸ்லயும் சொல்லித்தர மாட்டாங்க.

சாட்பாட் பண்ணலாம், 4 பேர் போதும். காசு குடுத்து வாங்கறதுக்கு முன்னாடி நீங்களே சின்னதா ஒண்ணு ஓட்டிப் பாருங்க. மாடலை நம்ம மிஷின்லயே ஓட்டற ஒல்லாமா மாதிரி ஒரு டூலை போட்டு, வெளிய திறந்து விட்டிருக்கற ஓப்பன் வெயிட் மாடல் ஒண்ணை இறக்கிக்கலாம். மெமரி கணக்கு சுலபம்: 8 பில்லியன் பாராமீட்டர் மாடலை 16 பிட்ல வச்சா வெயிட்டுக்கு (மாடல் கத்துக்கிட்ட எண்களுக்கு) மட்டும் 16 ஜிபி, 4 பிட்டுக்கு சுருக்கினா 4 ஜிபிதான், அதுக்கு மேல கான்டெக்ஸ்டுக்கு (கேள்வி பதிலை நினைவுல வச்சுக்க) கொஞ்சம். ஒரு நல்ல லேப் மிஷின்லயே ஓடும், ஸ்டூடண்ட் டேட்டா வெளிய போகாது. இப்படி ஒரு மாசம் நோண்டிட்டு அப்புறம் வெண்டர் கூட பேசுனா அவங்க சொல்றதுல எது நிஜம்னு உங்களுக்கே புரியும்.

உங்க யுனிவர்சிட்டி ரூல் எல்லாம் மாடலுக்கு தெரியாது, அதனால சர்குலர், ஹேண்ட்புக் எல்லாத்தையும் தேடி எடுத்து, அந்தப் பகுதியை கேள்வியோட சேர்த்து மாடலுக்கு குடுக்கணும், ராக்னு சொல்றது இதைத்தான். இதுல கோடு எழுதறது கொஞ்ச வேலை. எக்ஸாம் ஃபீஸ் பத்தி ஒரே சர்குலருக்கு 3 வெர்ஷன் இருக்கும், தேதி இருக்காது, ஸ்கேன் பண்ண பிடிஎஃப்பா இருக்கும், எது இப்ப செல்லும்னு ரிஜிஸ்ட்ரார் ஆஃபீஸ்லயே ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க. இந்த குப்பையைக் கூட்டறதுதான் பெரிய வேலை, அது முடிஞ்சாலே சாட்பாட் இல்லாமலே பாதி ஸ்டூடண்ட்ஸ் கேள்வி கொறஞ்சுடும்.

டெஸ்ட் பண்ண ஹெல்ப்டெஸ்க்ல நிஜமா வந்த கேள்வில 50 எடுத்து, சரியான பதிலை மனுஷங்க எழுதி வச்சு, ஒவ்வொரு மாத்தத்துக்கு அப்புறமும் அந்த 50ஐயும் ஓட்டிப் பாருங்க. அந்த சாட்பாட்டுக்கு அக்கவுண்டை மாத்தற அனுமதி எதுவும் குடுத்துடாதீங்க, அது படிக்கற டாக்குமெண்ட்லயே யாராவது கட்டளையை ஒளிச்சு வச்சா அதையும் கேட்டு நடக்கும், ப்ராம்ப்ட் இன்ஜெக்‌ஷன்ங்கறதுக்கு இன்னும் முழுசா மருந்து கிடையாது.

கேள்வி: ஃபைலை லாக் பண்ணிட்டு காசு கேக்கற ரான்சம்வேர் பத்தி ட்ரெயினிங் கேட்டா, பேக்கப் இருக்கே அப்புறம் என்னன்னு எங்க டைரக்டர் கேக்கறார்.

நெதர்லாந்துல மாஸ்ட்ரிக்ட் யுனிவர்சிட்டி கதையை அவர்கிட்ட சொல்லுங்க. 2019 டிசம்பர் 23, கிறிஸ்துமஸ் லீவுக்கு எல்லாரும் கிளம்புற நேரம், 267 விண்டோஸ் சர்வர் லாக் ஆச்சு. உள்ள வந்தது அன்னிக்கு இல்ல, அக்டோபர் நடுவுல 2 ஃபிஷிங் மெயிலை (ஏமாத்தி சொடுக்க வைக்கற போலி மெயிலை) யாரோ திறந்திருக்காங்க, அதுல இருந்து 2 மாசத்துக்கு மேல உள்ளயே உக்காந்து வேவு பாத்திருக்காங்க. சில முக்கியமான சிஸ்டத்தோட பேக்கப் நெட்வொர்க்லயே ஆன்லைன்ல இருந்ததால அதுவும் சேர்ந்து போச்சு. கடைசில 30 பிட்காயின், அன்னிக்கு மதிப்புல சுமார் 2 லட்சம் யூரோ, குடுத்துதான் மீட்டாங்க. நான் அவங்களை மதிக்கறது எதுக்குன்னா, நடந்ததை மறைக்காம 2020 பிப்ரவரியிலயே மேடை போட்டு எல்லாருக்கும் சொன்னாங்க.

அதனால கேக்க வேண்டியது பேக்கப் இருக்கான்னு இல்ல, ஒரு காப்பி நெட்வொர்க்குக்கு வெளிய இருக்கா, கடைசியா எப்ப ரீஸ்டோர் பண்ணிப் பாத்தோம்னுதான். 3 மாசத்துக்கு ஒரு தடவை ஒரு சர்வரை காலியான மிஷின்ல முழுசா எழுப்புங்க, அதுவும் டீம்லயே ஜூனியர் ஆள் கையால, சீனியர் பக்கத்துல உக்காந்து வாய் திறக்காம குறிப்பு மட்டும் எடுக்கணும். பைசா செலவில்லாத ட்ரெயினிங், இதைவிட நல்லதை நான் பாத்ததில்ல.

கேள்வி: நான் ஐடி செக்‌ஷன் ஹெட். ட்ரெயினிங் அனுப்புனா படிச்சுட்டு வேற வேலைக்கு போயிடறாங்க. என்ன பண்ண?

சில பேர் போவாங்கதான், சம்பளம் வெளிய ஜாஸ்தி, அதை நீங்க தடுக்க முடியாது. ஆனா அந்த ஆள் போனா மெயில் சர்வர் பாஸ்வேர்ட்ல இருந்து எல்லாம் கூடவே போயிடுதே, அதை தடுக்கலாம். ட்ரெயினிங் போயிட்டு வர்ற ஒவ்வொருத்தரும் 2 வாரத்துக்குள்ள மத்த 2 பேருக்கு செஞ்சு காட்டி, வேலையை படிப்படியா சொல்ற ரன்புக் எழுதி வைக்கணும்னு வச்சுடுங்க. அதோட வாரத்துல ஒரு நாள் 2 மணி நேரம் முறை வச்சு படிக்க விடுங்க, அந்த நேரம் ஹெல்ப்டெஸ்க் டிக்கெட் (புகார்) பாக்கறவர் ஒருத்தர் மட்டும். நீங்களும் அந்த நேரத்துல அவங்களோட உக்காந்து படிங்க, ஹெட்டே போன் பண்ணி அவசர வேலை குடுத்தா அந்த ஏற்பாடு ஒரு மாசம் தாங்காது.

கேள்வி: ஹெல்ப்டெஸ்க்ல 2 வருஷமா இருக்கேன் அக்கா. சிஸ்டம்ஸ் டீமுக்கு போகணும்னு ஆசை. எனக்கு எந்த சர்வர்லயும் ஆக்சஸ் தரமாட்டேங்கறாங்க, சொல்லித்தரவும் ஆள் இல்ல.

ஆக்சஸ் இல்லாட்டி என்னம்மா, டிக்கெட் எல்லாம் உங்க கைல இருக்கே. சிஸ்டம்ஸ் டீம்ல யாரும் பாக்காத விஷயம் அதுல இருக்கு. கடைசி 3 மாசத்து டிக்கெட்டை ஷீட்ல போட்டு பிரிச்சுப் பாருங்க. ஒரு உதாரணம் சொல்றேன், வைஃபை வரலன்னு வர்ற டிக்கெட்ல எத்தனை பேர் அதுக்கு முந்தின ஓரிரு நாள்ல பாஸ்வேர்ட் மாத்துனவங்கன்னு பாருங்க. போன்ல பழைய பாஸ்வேர்டே இருக்கும், அது விடாம முயற்சி பண்ணி அக்கவுண்டையே லாக் பண்ணிடும். உங்க ஆஃபீஸ்ல 90 நாளுக்கு ஒரு தடவை பாஸ்வேர்ட் மாத்தச் சொல்ற விதி இருந்தா, அதுவே இதுக்கு காரணமா இருக்கலாம்னு எண்ணிக்கையோட காட்டுங்க. பாஸ்வேர்ட் திருடு போனதுக்கு அடையாளம் இல்லாம சும்மா காலக்கெடு வச்சு மாத்தச் சொல்லாதீங்கன்னு தரநிலை வகுக்கற அமெரிக்காவோட நிஸ்ட் அமைப்பு 2017லயே சொல்லிடுச்சு. அதுக்கு பதிலா ரெண்டாவது ஃபேக்டர் (பாஸ்வேர்டோட சேர்த்து இன்னொரு சரிபார்ப்பு), பாஸ்கீ இதெல்லாம் எப்படி வேலை செய்யுதுன்னு படிங்க. பாஸ்கீங்கறது பாஸ்வேர்டுக்கு பதிலா வர்றது, அந்த சைட்டோட டொமைனுக்கே பூட்டுன சாவி, போலி லாகின் பேஜ்ல அது வேலையே செய்யாது.

வீட்டு லேப்டாப்ல 2 விர்ச்சுவல் மிஷின் போட்டு, ஒண்ணுல லாகினை பாத்துக்கற கீக்ளோக், இன்னொண்ணுல ஆன்லைன் பாடத்துக்கான மூடுல், மூடுல்ல லாகின் பண்ணா கீக்ளோக் வழியா போற மாதிரி கட்டுங்க. ரெண்டும் இலவசம். ஒரு வாரம் திணறுவீங்க, பரவால்ல, சிங்கிள் சைன் ஆன் (ஒரே லாகின்ல பல சைட்டுக்கும் போறது) எப்படி நடக்குதுன்னு அதுக்கப்புறம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல. அந்த டிக்கெட் ஷீட்டையும் இந்த லேபையும் சேர்த்து சிஸ்டம்ஸ் டீம் லீட் கிட்ட ஒரு அரை மணி நேரம் கேளுங்க. அவர் என்ன சொன்னார்னு எனக்கு எழுதுங்கம்மா, காத்துட்டு இருப்பேன்.